பழைய கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? பார்மட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2012 இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7, இப்போது விண்டோஸ் 10. இதையும், தெருவிலும் உறவினர் வீடுகளிலும் இருக்கிற இதே வயதுக் கணினிகளையும் பழுது பார்க்கும்போதெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். புரட்டிப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுகள்தாம். முக்கால்வாசி நேரம் மென்பொருள் பிழை போலவே முகம் காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் ரேமிலோ, ஹார்ட் டிஸ்க்கிலோ, ஒரு சின்ன பேட்டரியிலோ இருக்கும்.

என் சித்தி வீட்டுக் கணினியில் நீலத் திரை வந்துகொண்டே இருந்தது. கடையில் கொடுத்தார்கள். பார்மட் போட்டு, அதாவது டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, விண்டோஸை மறுபடி ஏற்றித் தந்தார்கள். மூன்று வாரத்தில் அதே நீலத் திரை மீண்டும் வந்தது. கோளாறு ரேமில் இருந்தது. அதை யாரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. பார்மட்டில் போனது சித்தப்பாவின் கடைசி இரண்டு வருடப் புகைப்படங்கள். அந்தப் படங்களுக்கு வேறு பிரதி இல்லை. அதனால்தான் இந்தக் குறிப்புகளில் பார்மட் என்ற சொல் ஒவ்வொரு முறையும் கடைசியில் வரும்.

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றே. கணினி ஓடும் நிலையில் இருக்கும்போதே புகைப்படங்கள், சான்றிதழ் நகல்கள், கணக்குக் கோப்புகள் எல்லாவற்றையும் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகலெடுத்துவிடுங்கள். அடுத்து, பிழைச் செய்தி வந்தால் மூடுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, விண்டோஸுக்குள்ளேயே ஒரு நாட்குறிப்பு இருக்கிறது. பலருக்கும் அது தெரியாது. தேடல் பெட்டியில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று வரும். அதைத் திறந்தால் நாள்வாரியாக ஒரு வரைபடமும், எது எப்போது நின்றுபோனதோ அங்கே சிவப்புப் பெருக்கல் குறியும் தெரியும். சிவப்புக் குறிகள் எல்லாம் ஒரே மென்பொருளின் பெயரில் இருந்தால் கோளாறு அந்த மென்பொருளில். திங்கட்கிழமை பிரவுசர், செவ்வாய்க்கிழமை வேர்டு, புதன்கிழமை விண்டோஸே என்று மாறி மாறி இருந்தால் மென்பொருளை விட்டுவிட்டுக் கருவிகளைப் பாருங்கள். இந்த ஒரு பார்வையில் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

அறிகுறி 1: ஒரே ஒரு மென்பொருள் மட்டும் திறந்ததும் மூடிக்கொள்கிறது

கணினியை ஒருமுறை முழுமையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் 10 இல் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பல கணினிகளில் முழுதாக அணைவதில்லை. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

*வேர்டு அல்லது எக்செல் என்றால்:* கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே திறந்து பாருங்கள். பாதுகாப்பு முறையில் திறக்கட்டுமா என்று கேட்கும். அப்படித் திறந்தபின் நின்றுபோகவில்லை என்றால், கூடவே ஏற்றப்பட்ட ஏதோ ஒரு ஆட்-இன்தான் காரணம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பிரிண்டர் பட்டியலுக்குப் போங்கள். எப்போதோ கழற்றிப்போட்ட பழைய பிரிண்டர் இன்னும் முதன்மை பிரிண்டராக இருந்தால், வேர்டு அதைத் தேடிக்கொண்டே உறைந்து நிற்கும். முதன்மை பிரிண்டரை ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்று மாற்றியதும் சரியான கணினிகள் என் நோட்டில் மூன்று இருக்கின்றன.

*பிரவுசர் என்றால்:* எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையையும் நிறுத்திவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். 4 ஜிபி ரேமில் இருபது தாவல்களைத் திறந்து வைத்தால் அது கோளாறு ஆகாது. கணினி தாங்கும் எல்லை அவ்வளவுதான்.

*பழைய கணக்கு மென்பொருள், ஜாதக மென்பொருள், பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் என்றால்:* திரையில் உள்ள அதன் ஐகானில் வலது சொடுக்கி, பிராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று போய் விண்டோஸ் 7 அல்லது எக்ஸ்பி என்று தேர்ந்தெடுங்கள். அதன்பிறகும் திறக்கவில்லை என்றால் அதற்கு மைக்ரோசாஃப்டின் துணைத் தொகுப்பான டாட்நெட் 3.5 தேவைப்படலாம். ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ பட்டியலில் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. டிக் செய்தால் போதும்.

கடைசியாக, நீக்கிவிட்டு மறுபடி நிறுவுதல். கணக்கு மென்பொருளாக இருந்தால் அதன் தரவுக் கோப்புறையை நகலெடுக்காமல் நீக்கவே கூடாது. கோப்புறை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், அந்த மென்பொருளை விற்றவரைக் கூப்பிட வேண்டிய கட்டம் அதுதான்.

அறிகுறி 2: ‘டிஎல்எல் காணவில்லை’ என்ற செய்தி

டிஎல்எல் என்பது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு. செய்தியில் எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140, எம்எஸ்விசிஆர்100 போன்ற பெயர்கள் வந்தால், அவையெல்லாம் மைக்ரோசாஃப்டின் ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ தொகுப்பைச் சேர்ந்தவை. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து அந்தத் தொகுப்பை இறக்கி நிறுவுங்கள். கணினி 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் தொகுப்பையும் சேர்த்தே நிறுவ வேண்டும். பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் 32 பிட்தான்.

அந்த ஒற்றை டிஎல்எல் கோப்பை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் ஏராளம். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். அது சரியான பதிப்பா, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது.

‘சரியான வின்32 மென்பொருள் அல்ல’ என்று வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டு காரணங்கள்தாம்: 64 பிட் மென்பொருளை 32 பிட் விண்டோஸில் ஓட்டுகிறீர்கள், அல்லது கோப்பு பாதியில் இறங்கியிருக்கிறது. ‘கெர்னல்32 கோப்பில் நுழைவுப் புள்ளி இல்லை’ என்று வந்தால் அந்த மென்பொருள் உங்கள் விண்டோஸைவிடப் புதியது. எத்தனை முறை நிறுவினாலும் ஓடாது. அதன் பழைய பதிப்பைத் தேடுங்கள்.

அறிகுறி 3: எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’

திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். அதில் 2009 ஜனவரி 1 என்றோ 2012 என்றோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் கடிகாரம் பத்து வருடம் பின்னால் இருந்தால், எந்தச் சான்றிதழும் செல்லாது என்றே பிரவுசர் சொல்லும்.

*தேதியைத் திருத்தினால் அன்று முழுக்கச் சரி, மறுநாள் காலை மறுபடி பழைய தேதி:* மதர்போர்டில் வட்டமாக, ஒரு நாணயத்தைப் போல இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. கணினி கிளம்பும்போது ‘எஃப்1 அழுத்தவும்’ என்று கேட்பதும் இதே காரணத்தால்தான். பேட்டரியின் பெயர் சிஆர்2032, மூன்று வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சிறு உலோகக் கொக்கியை நகத்தால் தள்ளினால் அது தானே மேலே எழும்பும். கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள்.

மின்கம்பியைப் பிடுங்கிப் பழைய பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். பயாஸுக்குள் (கணினி கிளம்பும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சென்று, டிஸ்க் இணைப்பைக் குறிக்கும் சாட்டா என்ற பகுதியில் ‘ஏஹெச்சிஐ’ என்று இருக்கிறதா, ‘ஐடிஇ’ என்று இருக்கிறதா என்று படம் எடுத்து வையுங்கள். இது ஏன் என்று அறிகுறி 6 இல் தெரியும்.

*தேதி சரி, ஆனாலும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை:* விண்டோஸ் 7 கணினியாக இருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) காலாவதியானது. வெகுகாலம் அப்டேட் ஆகாத கணினிகளுக்குப் புதிய மூலச் சான்றிதழ்களைத் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே வைத்திருப்பதால் அதில் பெரும்பாலும் திறந்துவிடும். குரோம், விண்டோஸ் 7க்கு 2023 இல் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 7 கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். கட்டுரை எழுத, பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: எல்லாம் உறைந்து நிற்கிறது, சுட்டி மட்டும் நகர்கிறது

இதில்தான் அதிக கவனம் வேண்டும். சாதாரண மந்தமும், சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கும் வெளியே ஒரே மாதிரி தெரியும்.

*சி டிரைவில் இடம் இருக்கிறதா?* பட்டை சிவப்பாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும். அங்கேயும் இடம் இல்லாவிட்டால் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். ‘டிஸ்க் கிளீனப்’ ஓட்டுங்கள். வீடியோக்களை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். குறைந்தது 15 ஜிபி காலியாக இருக்கட்டும்.

*இரண்டு ஆன்டிவைரஸ் இருக்கின்றனவா?* ஒன்றை நீக்குங்கள். இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

*கிளம்பிய முதல் பத்து நிமிடம் மட்டும் உறைகிறதா?* டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 அப்படித்தான் கிளம்பும். ‘ஸ்டார்ட்அப்’ தாவலில் தேவையற்றவற்றை நிறுத்தினால் கொஞ்சம் குறையும். நிரந்தரத் தீர்வு ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதைப் போலப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை.

*எந்த நேரத்திலும் திடீரென்று உறைந்து, கேபினெட்டில் உள்ள டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்து, ஒரு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறதா?* கேபினெட்டின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். சீரான இரைச்சலுக்கு நடுவே ‘டக்’ என்று ஒரு ஒலி, சிறு இடைவெளி, மறுபடி ‘டக்’ என்று கேட்டால் டிஸ்க் ஒரே இடத்தைப் படிக்க மீண்டும் மீண்டும் முயல்கிறது என்று பொருள். உறுதிசெய்ய ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். நீல நிறம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் மூல மதிப்பு (‘ரா வேல்யூஸ்’) பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 இல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இருக்காது. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கம்பியை மாற்றினால் போதும்.

இந்த இடத்தில் பலரும் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. டிஸ்க் பழுது என்று தெரிந்ததும் ‘செக் டிஸ்க்’ ஓட்டுவார்கள். முழுச் சோதனை என்றால் அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்கில் சுரண்டிப் படிக்கும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க் அந்த வேலையிலேயே முடிந்துபோகலாம். மஞ்சள் நிறம் கண்டால் முதலில் நகல். நகல் முடிந்தபின் வேண்டுமானால் சோதனை.

அறிகுறி 5: எந்தச் செய்தியும் இல்லாமல் சட்டென்று அணைகிறது, அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான இவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து எதையும் நிறுவாதீர்கள். முறைப்படி அணைக்காமல் கணினி நின்றுவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

*மின்சாரம் விட்டு வரும் நேரத்தில் மட்டும்:* யூபிஎஸ் பேட்டரி. சாதாரணமாக இரண்டு மூன்று வருடம் உழைக்கும். கணினியைக் கழற்றிவிட்டு, யூபிஎஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மட்டும் மாட்டி, சுவரில் சுவிட்சை அணையுங்கள். பல்பு சில நொடிகளில் அணைந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

*வெயில் ஏறியபின், வீடியோ ஓடும்போது:* சூடு. கேபினெட்டைத் திறந்து செயலியின் மேலிருக்கும் விசிறியைப் பாருங்கள். பத்து வருடக் கணினியில் விசிறிக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்குகள் தெரியாது. சாம்பல் நிறத்தில், கம்பளித் துணி போல ஒரு படலம் மூடியிருக்கும். மேலே மேலே ஊதினால் அது போகாது. விசிறியை விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தள்ள வேண்டும். பிறகு விசிறியின் நான்கு மூலைகளிலும் உள்ள பிளாஸ்டிக் ஊசிகளைப் பாருங்கள். ஒன்று மேலே எழும்பி நின்றாலும் விசிறி சாய்ந்து, செயலியின் ஒரு பக்கம் காய்ந்துகொண்டே இருக்கும். அடுத்து தெர்மல் பேஸ்ட், அதாவது செயலியின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பசை: பழையது சுண்ணாம்பு போலக் காய்ந்திருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

*இரண்டும் இல்லை, எந்த நேரத்திலும் அணைகிறது:* மின்வழங்கி, அதாவது எஸ்எம்பிஎஸ். பயாஸில் 12 வோல்ட் என்ற வரி 11.4க்குக் கீழே காட்டினால் சந்தேகம் வலுக்கும். மதர்போர்டில் உருளை போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை வீட்டில் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். பெட்டியை முழுதாக மாற்றுவது ஒருவகை. உப்பிய கெப்பாசிட்டரை மாற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் மதர்போர்டைக் கொடுப்பது இன்னொரு வகை.

அறிகுறி 6: நீலத் திரை

படிப்பதற்குள் மறைந்துவிட்டால், சிஸ்டம் பிராபர்ட்டீஸில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ பகுதிக்குப் போய் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அதன்பிறகு திரை நிற்கும். விண்டோஸ் 10 இல் பிழையின் பெயரும், விண்டோஸ் 7 இல் நீண்ட எண்ணும் தெரியும். எண்ணின் கடைசி எழுத்துகள் போதும்.

*7பி, இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்:* பேட்டரியை மாற்றிய உடனே வந்ததா? பயாஸ் தன் பழைய அமைப்பை மறந்து, சாட்டாவை ஏஹெச்சிஐ இலிருந்து ஐடிஇக்கு மாற்றியிருக்கும். நீங்கள் எடுத்துவைத்த படத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ஒரு நிமிட வேலை. இதற்குப் பார்மட் போடப்பட்ட கணினிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

*7ஏ, கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்; எஃப்4, கிரிட்டிக்கல் ஆப்ஜெக்ட் டெர்மினேஷன்:* டிஸ்க். அறிகுறி 4க்குத் திரும்பிப் போங்கள்.

*டி1, டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அல்லது செய்தியின் அடியில் .சிஸ் என்று முடியும் ஒரு கோப்பின் பெயர்:* டிரைவர், அதாவது ஒரு கருவியை இயக்க உதவும் மென்பொருள். அண்மையில் மாட்டிய வைஃபை, பிரிண்டர் எதுவோ அதைக் கழற்றி, அதன் டிரைவரை நீக்கிப் பாருங்கள். ‘வீடியோ டிடிஆர்’ என்று வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர்; அதன் முந்தைய பதிப்புக்குத் திரும்ப, டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’ பொத்தான் இருக்கிறது.

*1ஏ, மெமரி மேனேஜ்மென்ட்; 50, பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா; அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்:* ரேம். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு ரேமைக் கழற்றுங்கள். கீழ்விளிம்பில் பொன்னிறத்தில் இருக்க வேண்டிய கால்கள் மங்கிப் பழுப்பாக இருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். துகள்களைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘கிளிக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். கடலோர ஊர்க் கணினிகளில் இந்த மங்கல் சீக்கிரமே வந்துவிடுகிறது.

பிறகு தேடல் பெட்டியில் மெமரி என்று தட்டச்சு செய்து ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ ஓட்டுங்கள். பிழை என்று சொன்னால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் முழுக்க நம்ப முடியாது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி இரண்டு நாள், மற்றதை மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். எதில் நீலத் திரை வருகிறதோ அதுதான் குற்றவாளி. சித்தி வீட்டு ரேமை அப்படித்தான் கண்டுபிடித்தேன். இந்த வயதுக் கணினிகளில் இருக்கும் டிடிஆர்3 வகை ரேம் பழையதாகவே சென்னை ரிச்சி தெருவிலும், மாவட்டத் தலைநகரக் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கும்போது உங்கள் ரேமைக் கையில் எடுத்துப் போங்கள்.

*124, டபிள்யூ ஹெச் இ ஏ:* சூட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் வந்தால் செயலியோ மதர்போர்டோதான். பத்து வருடக் கணினிக்கு அந்தச் செலவு செய்வதைவிட, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வேறு கணினி பார்ப்பது நல்லது.

அறிகுறி 7: விண்டோஸ் கிளம்பவே இல்லை; ‘பழுது பார்க்கிறேன்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது

பென் டிரைவ், வெளி டிஸ்க், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை. பிறகு பாதுகாப்பு முறை: விண்டோஸ் 7 இல் எஃப்8. விண்டோஸ் 10 இல் கிளம்பும்போது பவர் பொத்தானை அழுத்தி இரண்டு மூன்று முறை இடையில் அணைத்தால் பழுது நீக்கும் பட்டியல் தானே வரும். அதில் ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ இருந்தால் கோளாறு தொடங்குவதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். கோப்புகள் அப்படியே இருக்கும். இடையில் நிறுவியவை மட்டும் போகும்.

அதுவும் முடியாவிட்டால், வேறு கணினியில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸைப் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, நிறுவாமல், அதிலிருந்தே கணினியைக் கிளப்புங்கள். விண்டோஸ் செத்திருந்தாலும் டிஸ்க்கில் உள்ள கோப்புகள் அங்கே தெரியும், நகலெடுத்துவிடலாம். நகல் கையில் வந்தபின் பார்மட் போட்டுக்கொள்ளலாம்.

லினக்ஸிலும் டிஸ்க் தெரியவில்லை, உள்ளிருந்து ‘டக், டக்’ என்று சீராகத் தட்டும் ஓசை மட்டும் வருகிறது என்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் உள்ளே கீறல் விழலாம். டிஸ்க்கைக் கழற்றி, உலர்ந்த துணியில் சுற்றி, கணினி பழுது பார்க்கும் கடைக்கு அல்ல, தரவு மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுபோங்கள். உங்களுக்கு வேண்டிய கோப்புறைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பார்ப்பதற்கு எவ்வளவு, மீட்டால் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுக்கொண்டு டிஸ்க்கைக் கொடுங்கள்.